பெஞ்சுக்குக் கேட்கும் தூரத்தில்

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க…"

அவள் இதைச் சொன்ன சத்தத்துக்கு, வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த நாலு பேரும் சேர்ந்து செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

பெல்வின் வாசலிலேயே நின்றுவிட்டான். படவேட்டிலிருந்து கொட்டுகிற மழையில் பைக் ஓட்டிக்கொண்டு, ஜவ்வாது மலையின் அத்தனை வளைவும் ஏறி வந்தவனுக்கு இப்படியா வரவேற்பு? காலையில் போனிலும் இதே கத்தல்தான். "கம்ப்யூட்டர் பாக்க இன்னிக்கு வருவீங்களா, மாட்டீங்களா?" என்று அவள் கேட்டது, அவன் கடையில் மவுஸ் வாங்க வந்திருந்த பெரியவருக்கே கேட்டுவிட்டது. "இன்னா தம்பி, வூட்ல சண்டையா?" என்று அவர் அனுதாபப்பட்டுவிட்டுப் போனார். பெல்வினுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

'மலைமேல இருந்தா இன்னா… மரியாத வேணாமா? ரெண்டு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டுத்தான் ஸ்க்ரூவத் தொடுவேன்…' வளைவுக்கு வளைவு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தான். வசனமெல்லாம் தயார்.

நிமிர்ந்து பார்த்தான்.

அந்தக் கண்கள்… பெரிய, கறுத்த, மை எழுதாமலே மை எழுதியது போன்ற கண்கள். அவற்றில் கோபம் ஒரு துளி இல்லை. 'மழையில நனைஞ்சிட்டு வந்துட்டாரே' என்ற கவலைதான் இருந்தது. கண் ஒன்று சொல்கிறது… வாய் ஒன்று கத்துகிறது… இதில் எதை நம்புவது? பெல்வினின் வசனங்கள் வரிசையாக மலை இறங்கிவிட்டன.

உள்ளே காலை வைத்த பிறகுதான் அவனுக்கு விஷயமே புரிந்தது. மேஜைக்கு அடியிலிருந்த சி.பி.யு. பெட்டி, ஏற்றத்தில் திணறுகிற லாரி மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா இப்டி?"

"இன்னா?"

"எவ்ளோ நாளா இப்டி சத்தம் போடுதுங்க?"

"ஒரு வருசமாங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருமுறை நெளிந்து உட்கார்ந்தார்கள்.

அவள் பெயர் நதியா. அந்த மலைக் கிராமத்தின் இ-சேவை மையம் அவள் பொறுப்பு. சாதிச் சான்று, பட்டா நகல், ஆதார் திருத்தம் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போக வேண்டும். மையத்துக்குப் பக்கத்து அறையில் சாமை அரைக்கிற மிஷின். அந்த உமித்தூசி முழுவதையும் நதியாவின் கம்ப்யூட்டர் ஒரு வருடமாக ஆசை ஆசையாக உள்ளே இழுத்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, அவள் குரலும் அதே உயரத்தில் போய் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனாலும் இறங்குவதில்லை. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். "காபி எடுத்துக்குங்க" என்று அவள் அன்பாகத்தான் சொன்னாள். இரண்டு இடத்தாரும் காபியை அப்படியே வைத்துவிட்டு, ஜீப்புக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்கள். தொண்டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரம்மா, "கத்தறத நிறுத்துமா" என்கிறார். 'நான் எங்க கத்தறேன்?' என்று நதியாவுக்கு உண்மையாகவே புரியவில்லை, பாவம்.

பெல்வின் சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கினான்.

அறை சட்டென்று அடங்கியது. மழைச் சத்தம் மட்டும்… ஓட்டின் மேல் சின்னச் சின்னதாக…

"இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

அமைதியான அந்த அறையில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது. வெளியே ஒரு நாய் எழுந்து ஓடியது. நதியா தன் குரலைத் தானே கேட்டது ஒரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையின் மேலே அந்தக் கண்கள் மட்டும் இன்னும் பெரிதாக…

"நான்… இப்டியா பேசறேன்?" விரல்களுக்கு நடுவிலிருந்து மெல்லிசாக வந்தது.

"காலைல போன்லயும் இப்டித்தாங்க பேசனீங்க."

"அய்யோ… சண்ட போடறேன்னு நெனச்சிட்டீங்களா?"

"திருப்பிப் போடலாம்னுதான் வந்தேன். ரெடியாக்கூட இருந்தேன்."

"அப்புறம் ஏன் போடல?"

'உங்க கண்ணப் பாத்தேன்' என்பதை ஒரு மெக்கானிக் எப்படிச் சொல்வான்? "கம்ப்யூட்டருக்குக் கரண்டு குடுக்கற பொட்டி இது. எஸ்.எம்.பி.எஸ்.னு சொல்வாங்க. இதுக்குள்ள இருக்கற ஃபேன்தான் தேஞ்சிபோய் கத்துது. ஆஃப் பண்ணாலும் உள்ள கரண்டு கொஞ்ச நேரம் நிக்கும். பத்து நிமிசம் வுட்டுட்டுத்தான் கைய வைக்கணும்" என்று சம்பந்தமில்லாமல் பாடம் எடுத்தான்.

"பத்து நிமிசம் இன்னா பண்றது?"

"சும்மா உக்காரணும்."

உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? அவன் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தான். அவள் மழையைப் பார்த்தாள். அவள் மழையைப் பார்க்கும்போது அவன் அவளைப் பார்த்தான். அவன் குனிந்தபோது அவன் ஈரத் தலைமுடியை அவள் பார்த்தாள். 'தொடச்சிக்க துண்டு குடுக்கலாமா… வேணாம், தப்பா நெனப்பாரோ…' என்று நினைத்து நினைத்தே எட்டு நிமிடம் போய்விட்டது. மீதி இரண்டு நிமிடத்தில் துண்டு கொடுத்தாள்.

பிறகு வேலை. நாலு ஸ்க்ரூ. மூடியைத் திறந்ததும் சாமை உமி கைப்பிடியளவு கொட்டியது. பழைய ஃபேனின் ஒயர்களை வெட்டி எடுத்து, கொண்டுவந்திருந்த புது ஃபேனைக் காற்று வெளிப்பக்கம் போகிற மாதிரி திருப்பி வைத்து, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு முறுக்கி, டேப் சுற்றி மூடினான். சுவிட்சைப் போட்டான்.

ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடலையேங்க," என்றாள் நதியா கவலையோடு.

"ஓடுது. பின்னாடி கைய வெச்சிப் பாருங்க."

குனிந்து பெட்டியின் பின்னால் உள்ளங்கையை வைத்தாள். சத்தமே இல்லாமல்… வெதுவெதுப்பாக… காற்று மட்டும் வந்தது. சரியாக வருகிறதா என்று பார்க்க அவனும் கையை நீட்டினான். சுண்டுவிரல் இரண்டும் தொட்டும் தொடாமல் நின்றன. இருவருமே எடுக்கவில்லை.

"வருதுங்களா?"

"வருதுங்க…"

வெளியே பெஞ்சிலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு வந்தது. இரண்டு கைகளும் தீப்பட்டது போல் விலகின.

கனைத்தது வேடியப்பன். நதியாவின் அப்பா. அந்தப் பெஞ்சை ஒரு வருடம் முன்பு, வாசலுக்கு நாலு அடி தள்ளிக் கொண்டுவந்து போட்டதே அவர்தான். வருகிறவர்கள் உட்கார என்று ஊரில் சொல்லிக்கொண்டார். உண்மையில் அது காவல் பெஞ்சு. கண்டவனும் வந்து போகிற இடத்தில் பெண்பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று, சாமைக் கொல்லை வேலை முடிந்ததும் அதன் முனையில் வந்து உட்கார்ந்துகொள்வார். இத்தனை நாள் மகளின் கத்தல் மட்டும் கேட்கும், வந்தவர்களின் வாய் அசைவதைத்தான் பார்க்க முடிந்தது. இனிமேல்…

இனிமேல் பெஞ்சுக்கு எல்லாமே கேட்டது.

மறுநாளே ஜீப் ஓட்டுகிற ராஜாக்கண்ணு உள்ளே போய், "பாப்பா, எனக்கு டிரைவிங் லைசென்சு எடுக்கணும், வெளிய சொல்லாத" என்று குசுகுசுத்தார். பத்து வருடமாக அவர் ஜீப்பில் மலை ஏறி இறங்கிய ஆறு பேர் வெளியே ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அதற்கு மறுநாள் அம்மாக்கண்ணு ஆதாரில் பிறந்த வருடத்தைத் திருத்த வந்தாள். அவள் சொன்ன வருடத்தைக் கேட்டு, அம்மாக்கண்ணு தன்னைவிட இளையவள் என்று இத்தனை நாள் நம்பியிருந்த நாத்தனார் பெஞ்சிலேயே கணக்குத் தீர்த்தாள். வேலை உள்ளவர்கள் வரத் தயங்கினார்கள். வேலை இல்லாதவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்தார்கள். நாலு பேர் பெஞ்சில் ஏழு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் தெரியாத பெல்வின், படவேட்டில் தூக்கம் கெட்டுக் கிடந்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பித் தொலைக்கலாமே என்கிறீர்களா? அனுப்பினானே… 'ஃபேன் ஓடுதுங்களா' என்று. 'ஓடுதுங்க' என்று வந்தது. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, 'சரிங்க' என்று அனுப்பினான். மாவீரன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மலை ஏறினான்.

"கேரண்டி செக்கப்புங்க," என்றான் உள்ளே நுழைந்ததும்.

"ஃபேனுக்கு இன்னா செக்கப்பு?" என்று நதியா கேட்டாள். குரல் எவ்வளவு இறங்கிவிட்டது. தேன் மாதிரி, மெதுவாக… அவனுக்கு மூச்சே நின்றது.

"அது… சுத்துதான்னு…"

"சுத்துது தம்பி, நாங்க தெனம் பாக்கறோம்," என்று பெஞ்சிலிருந்து பதில் வந்தது. அம்மாக்கண்ணு.

"நல்லா இருக்கீங்களா?" என்றான் தாழ்ந்த குரலில்.

"நல்லாத்தான் கீறோம்," என்றது பெஞ்சு. "ஞாயித்துக்கிழம பாப்பாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. நெல்லிவாசல்நாட்டு ரங்கசாமி மவன். இந்தத் தபா காபியக் குடிச்சிட்டுத்தான் போவாங்க. கொரலுதான் குயிலு மாதிரி ஆயிடுச்சே."

பெல்வினின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

அடப்பாவி… அவனேதான். அவனே மலை ஏறி வந்து, அவனே நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, அவனே அந்தக் குரலைச் சரி செய்து, எவனோ ஒருத்தன் உட்கார்ந்து காபி குடிக்க வழி பண்ணிக் கொடுத்திருக்கிறான். இனிமேல் எந்த மாப்பிள்ளை ஓடுவான்?

நதியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'சொல்லுங்க… ஒரு வார்த்த சொல்லுங்க…' என்று கண் கெஞ்சியது. ஏழு ஜோடிக் காதுகள் நாலு அடியில் காத்திருந்தன.

"ஃபேன் நல்லா கீது. நான் வர்றேங்க," என்றான் பெல்வின்.

நதியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "நல்லாத்தான் கீது. இனிமே செக்கப்புக்கெல்லாம் வர வேணாங்க," என்றாள் வீம்பாக. அவன் போன பிறகு ஒரே வருமானச் சான்றுக்கு மூன்று தடவை தப்பான பெயர் அடித்தாள்.

வெள்ளிக்கிழமை. ஞாயிறுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்.

வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். மழையில் நனைந்து, கையில் பையில்லாமல், ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாமல் நின்றான். 'வர வேணாம்னு சொன்னா வராமலே இருந்துடுவாரோ' என்று மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தவளுக்கு, அவனைப் பார்த்ததும் அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

அவன் வாயைத் திறந்தான். பெஞ்சு முன்னால் சாய்ந்தது. வாயை மூடிக்கொண்டான்.

நதியா ஒரு விநாடி யோசித்தாள். இன்னொரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, சரசரவென்று அடித்தாள்.

'எதுக்கு வந்தீங்க? உண்மைய அடிங்க.'

கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெல்வினுக்குக் கம்ப்யூட்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றத் தெரியும். அதில் தமிழ் அடிக்கத் தெரியாது. ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் கோழி தானியம் பொறுக்குவது போல் தேடித் தேடி… டக்… டக்… டக்…

'உங்கள பாக்க'

அவள் உதட்டோரம் துடித்தது. 'பாத்தாச்சா?'

டக்… டக்… 'பத்தல'

அய்யோ… நதியாவின் காது வரை சிவந்தது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மையத்தின் பாஷையில் அடித்தாள். 'விண்ணப்பம் தெளிவாக இல்லை. விவரங்களை முழுமையாகப் பூர்த்தி செய்யவும்.'

'கடைசி தேதி எப்ப'

'ஞாயிறு காலை 10 மணி.'

அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். விளையாட்டு முடிந்துவிட்டது என்று இருவருக்குமே தெரிந்தது. அவன் கீபோர்டின் மேல் குனிந்தான். டக்… டக்…

'எனக்கு உங்கள'

அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரல் கீபோர்டின் மேலே சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதுதான்…

"நதியா," என்றார் வேடியப்பன் வெளியிலிருந்து. "யாரு அது கம்ப்யூட்டர்ல தட்றது?"

"நாந்தாம்பா."

"நீ தட்டனா மொறத்துல சாமையக் கொட்ற மாரி இருக்கும். இது ஒத்த வெரலு."

போச்சு. பெஞ்சு கிறீச்சிட்டது. அவர் எழுந்துவிட்டார். நாலு அடிதான். 'மூடிடு… அந்தப் பக்கத்த மூடிடு…' என்று நதியாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு சொடுக்கு போதும், எல்லாம் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். காபியைக் குடித்துவிடுவார்கள். மவுஸின் மேலிருந்த கையை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

வேடியப்பன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தார். அவருக்கு எதையும் மனதுக்குள் படிக்க வராது. பஸ் போர்டாக இருந்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பார்.

"எதுக்கு… வந்தீங்க… உண்மைய அடிங்க… உங்கள… பாக்க…"

வெளியே இருந்தவர்கள் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள்.

"பாத்தாச்சா… பத்தல…"

"நல்லாத்தான் கீது. மீதியும் படி வேடியப்பா," என்றாள் அம்மாக்கண்ணு.

"எனக்கு… உங்கள…" அவர் நிறுத்தினார். திரையின் அடிவரை தேடினார். கண்ணாடிக்கு மேலாக பெல்வினைப் பார்த்தார். "எனக்கு உங்கள… அப்புறம் ஒண்ணும் இல்லியே தம்பி?"

"எழுத்து தேடிட்டு இருந்தேங்க…"

"எழுதிக் குடுக்கறதெல்லாம் சர்க்காருக்கு. எம் பொண்ணக் கேக்கறவன் வாயால கேக்கணும்."

பெல்வின் எழுந்து நின்றான். ஜன்னலில் பெஞ்சின் மற்ற ஆறு முகங்களும் அடுக்கியிருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை, அந்தக் கண்களை மட்டும் பார்த்தான்.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க. கொரலு கொறைஞ்சதால இல்ல. மொத நாளு செருப்பக் கழட்டச் சொல்லிக் கத்தனீங்களே… அப்பவே புடிச்சிருச்சு. பத்து நாளா தூக்கமே இல்லங்க. அவங்க காபியக் குடிச்சிட்டா நான் இன்னா பண்றது?"

யாரோ ஜன்னலில் சிரித்து, யாரோ அவரை அடக்கினார்கள். வேடியப்பன் சிரிக்கவில்லை.

"நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையன். நாங்க மலையில வேடியப்பன் சாமியக் கும்புடறவங்க. உங்க வூட்ல இன்னா சொல்வாங்க?"

"அம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேங்க. அடுப்ப அணச்சிட்டு வந்து எதிர்ல உக்காந்தாங்க. அப்புறம், 'மொதல்ல அந்தப் பொண்ணு ஒத்துக்குதான்னு கேட்டுட்டு வாடா, மீதியப் பேசிக்கலாம்'னு சொன்னாங்க."

"எனக்கும் பேச வேண்டியது நெறைய கீது," என்றார் வேடியப்பன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "ரங்கசாமிக்கு வாக்குக் குடுத்துட்டேன் நதியா. வர வேணாம்னு நான் எந்த வாயால சொல்றது?"

எல்லோரும் நதியாவைப் பார்த்தார்கள். இத்தனை நாள் ஊரின் எல்லா விண்ணப்பத்தையும் அனுப்பி வைத்தவளுக்கு, இப்போது தன்னுடையதை எங்கே அனுப்புவதென்று தெரியவில்லை. அப்பாவின் முகம் பாவமாக இருந்தது. பக்கத்தில் ஒருவன் மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட, மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க சொல்ல வேணாம்பா. போனக் குடுங்க, நானே சொல்றேன்."

வேடியப்பன் நம்பரைப் போட்டு நீட்டினார். மணி அடித்தது. எடுத்தார்கள். நதியா கத்தவில்லை, குசுகுசுக்கவும் இல்லை. சாதாரணமாக, ஒவ்வொரு வார்த்தையாக, பெஞ்சின் கடைசி ஆள் வரை கேட்கிற மாதிரி பேசினாள்.

"ரங்கசாமி மாமாங்களா? நான் வேடியப்பன் பொண்ணு நதியா பேசறேங்க. கோவிச்சுக்காதீங்க மாமா… ஞாயித்துக்கிழம வர வேணாங்க. எங்கப்பா மேல தப்பு இல்ல, அவருக்கு இப்பத்தான் தெரியும். எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்கு. கட்டனா அவரத்தான் கட்டுவேன். படவேட்டுக்காரரு. பேரு… பெல்வின்."

அவள் வாயால் அவன் தன் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.